‘விற்பனை’ என்ற ஒரு சொல்லுக்காக: ஓப்பன்மெட்டாடேட்டாவுடன் பதினான்கு மாதங்கள்

சென்ற ஆண்டு ஏப்ரல் கூட்டத்தில், மார்ச் மாத விற்பனை எவ்வளவு என்று எங்கள் நிர்வாக இயக்குநர் கேட்டார். கணக்குப் பிரிவு 41.8 கோடி ரூபாய் என்றது. விற்பனைப் பிரிவு 49.3 கோடி என்றது. டிஸ்பாட்ச் பிரிவு 38.6 கோடி என்றது. மூவர் கையிலும் இருந்தவை பவர் பிஐ என்ற மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளில் என் குழு செய்து கொடுத்த அறிக்கைகள். மூன்றிலும் எண்ணுக்கு மேலே ‘மொத்த விற்பனை’ என்றே அச்சாகியிருந்தது. “இதில் எதை எடுத்துக்கொண்டு நான் வங்கிக்குப் போவது?” என்று அவர் கேட்டபோது, பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அறிக்கைப் பிரிவை நடத்துகிறேன். என்னோடு மூன்று பேர். நிறுவனத்தின் கணக்குகள் எஸ்ஏபி என்ற நிர்வாக மென்பொருளில் இருக்கின்றன. அங்கிருந்து தினமும் இரவு ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு எடுத்துவந்து, அதன்மேல் பவர் பிஐ அறிக்கைகளைக் கட்டுகிறோம். அந்தக் கூட்டம் நடந்த நாளில் எங்களிடம் 212 அறிக்கைகள் இருந்தன. எந்த அறிக்கையில் எந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று எழுதிவைத்த தாள் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நாங்கள் பயன்படுத்திய ஓப்பன்மெட்டாடேட்டா என்ற மென்பொருளின் மதிப்புரை இது.

மூன்று நாள் உட்கார்ந்து தேடினோம். எந்த எண்ணிலும் கூட்டல் பிழை இல்லை. கணக்குப் பிரிவின் எண் இன்வாய்ஸ் தேதியை வைத்து, ஜிஎஸ்டி நீங்கலாகக் கணக்கிட்டது. விற்பனைப் பிரிவின் எண் அதே இன்வாய்ஸ்களை 18 சதவீத வரியோடு கூட்டியது. டீலர்களிடம் வசூலுக்குப் போகிறவர்கள் வரியோடு சேர்ந்த தொகையைத்தான் பேசுகிறார்கள், ஆகவே அவர்களுக்கு அதுவே விற்பனை. டிஸ்பாட்ச் எண் வாசல் பதிவேட்டை வைத்தது. மார்ச் 31 இரவு இன்வாய்ஸ் போட்டு ஏப்ரல் 1 காலை கிளம்பிய லாரிகள் அதில் சேரவில்லை. “வண்டி கேட்டைத் தாண்டினால்தான் அம்மணி, எனக்கு விற்பனை” என்றார் டிஸ்பாட்ச் பொறுப்பாளர். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வாசலில் நிற்பவர். அவர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை.

தேடும்போது அதைவிட மோசமான ஒன்று கண்ணில் பட்டது. மண்டலவாரியான பழைய அறிக்கை ஒன்றில், திரும்பிவந்த பம்புகளுக்கான கிரெடிட் நோட்டுகள் விற்பனையிலிருந்து கழிக்கப்படுவதற்குப் பதிலாக விற்பனையோடு கூட்டப்பட்டிருந்தன. எஸ்ஏபியின் பில்லிங் அட்டவணையான விபிஆர்கேயில் கிரெடிட் நோட்டின் தொகையும் நேர்மறை எண்ணாகவே பதிவாகும். அது கழிக்க வேண்டியது என்பதை விபிடைப் என்ற நெடுவரிசைதான் சொல்லும்: இன்வாய்ஸ் என்றால் அதில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும், கிரெடிட் நோட் என்றால் ‘ஓ’. இதை அறியாத ஒருவர் தொகை நெடுவரிசையை அப்படியே கூட்டிவிட்டார். அந்த அறிக்கையை எழுதியவர் வேலையை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பொறுப்பு யார் என்று எங்கும் எழுதப்படவில்லை. நான்கு ஆண்டுகளாக அந்த மண்டல மேலாளர்கள் அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

மெட்டாடேட்டா என்று நாங்கள் அழைப்பது இதைத்தான். ஒரு எண்ணுக்குப் பொருள் என்ன, அது எந்த அட்டவணையிலிருந்து எந்த வழியாக வந்தது, யார் பொறுப்பு, கடைசியாக எப்போது மாறியது என்ற குறிப்புகள் அனைத்தும். எஸ்ஏபியில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் தேவை இன்னும் அதிகம். அங்கே நெடுவரிசைப் பெயர்கள் ஜெர்மன் சொற்களின் சுருக்கங்கள். நாங்கள் ‘குன்னர்’ என்று படிப்பது வாடிக்கையாளர் எண்ணுக்கான ஜெர்மன் சொல், ‘மட்னர்’ பொருள் எண், ‘நெட்வர்’ வரி நீங்கலான மதிப்பு, ‘வெர்க்ஸ்’ ஆலை. ஒருமுறை பிடிபட்டால் அதில் நல்ல ஒழுங்கு இருப்பது தெரியும். ஆனால் கல்லூரி முடித்து நேராக வந்து சேரும் பெண்ணுக்கு முதல் மூன்று மாதம் இருட்டறையில் நடப்பது போலத்தான்.

நான் 2006-ல் வேலைக்குச் சேர்ந்தபோது பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸில் தொடங்கினேன். பிரான்ஸில் 1990-ல் பிறந்த அந்த மென்பொருளின் உயிர் ‘யுனிவர்ஸ்’ என்ற ஒன்றில் இருந்தது. தரவுத்தளத்தின் கடுமையான பெயர்களை மறைத்து, ‘வாடிக்கையாளர்’, ‘நிகர விற்பனை’ என்று வணிகச் சொற்களை ஒரே இடத்தில் வரையறுத்து வைப்பார்கள். அறிக்கை செய்கிறவர் அந்தச் சொல்லை இழுத்துப் போட்டால் போதும். மாற்ற வேண்டுமானால் யுனிவர்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டும். தாமதம் என்று அன்று சலித்துக்கொண்டோம். பிறகு, ஒவ்வொரு பிரிவும் தானே அறிக்கை செய்துகொள்ளும் காலம் வந்தது. வேகம் கிடைத்தது. ஆனால் ஒரே இடத்தில் இருந்த வரையறைகள் இருநூறு கோப்புகளுக்குள் சிதறிப்போயின. அன்று சலித்துக்கொண்ட அந்த ஒருவரின் அருமை, ஏப்ரல் கூட்டத்துக்குப் பிறகு எனக்கு நன்றாகப் புரிந்தது.

முதலில் எக்செலில்தான் தொடங்கினோம். ‘அறிக்கை அகராதி’ என்று ஒரு கோப்பு. ஆறு வாரத்தில் அதற்கு நான்கு பிரதிகள் உருவாகிவிட்டன, எது புதியது என்று தெரியவில்லை. அட்டவணை மாறினால் எக்செலுக்குத் தெரியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். பிறகு ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டண மென்பொருளைப் பார்த்தோம். செயல்விளக்கம் அழகாக இருந்தது. பயன்படுத்துபவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்றார்கள். நிறுவனத்தில் எல்லோரும் திறந்து பார்த்தால்தான் இந்த வேலைக்குப் பயன் உண்டு, தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் முதலில் கழற்றிவிடப்படுவது டிஸ்பாட்ச் வாசலில் நிற்பவர்தான். ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அப்படித்தான் ஓப்பன்மெட்டாடேட்டாவுக்கு வந்து சேர்ந்தோம். 2021-ல் வெளியான திறந்தமூல மென்பொருள் இது. அப்பாச்சி 2.0 உரிமம், ஆகவே கட்டணம் இல்லை. ஊபரில் மெட்டாடேட்டா வேலையைச் செய்த அனுபவமுள்ளவர்கள் தொடங்கியது. இந்தத் துறையில் திறந்தமூலமாக வேறு சிலவும் உண்டு: பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கையாளும் ஹடூப் உலகத்தில் பிறந்த அப்பாச்சி அட்லஸ், லிஃப்ட் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அமுண்ட்சன், லிங்க்ட்இன் 2020-ல் வெளியிட்ட டேட்டாஹப். அட்லஸ் எங்களுக்குச் சம்பந்தமில்லாத பெரிய ஹடூப் அமைப்புகளுக்கானது. டேட்டாஹப் திறமையானது, ஆனால் அதற்குச் செய்திகளைக் கடத்தும் காஃப்கா என்ற இன்னொரு மென்பொருளையும் நடத்த வேண்டும். நான்கு பேர் உள்ள குழு ஒவ்வொரு கூடுதல் உறுப்பையும் யோசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஓப்பன்மெட்டாடேட்டாவும் இலேசான பொருள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்மைச் சர்வர் ஒன்று, மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று, தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச், மற்ற இடங்களிலிருந்து விவரங்களை எடுத்துவரும் வேலைக்கு ஏர்ஃப்ளோ என நான்கும் சேர்ந்து ஓட வேண்டும். சோதித்துப் பார்க்க, மென்பொருள்களைப் பொதியாக ஓட்டும் டாக்கரில் ஏற்றினாலே 6 ஜிபி நினைவகமும் நான்கு சிபியூக்களும் ஒதுக்கச் சொல்கிறது அதன் ஆவணம். அலுவலகத்தில் சும்மா கிடந்த 16 ஜிபி லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஏற்றினோம். ஒரே நாளில் திரை வந்துவிட்டது. எங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே உள்நுழையும்படி அமைக்க இன்னும் இரண்டு நாள். இதில் புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லியிருந்தால் எங்கள் கணக்குப் பிரிவு அந்தப் பக்கமே வந்திருக்காது.

போஸ்ட்கிரெஸை இணைத்த அன்று மாலையே அட்டவணைகள், நெடுவரிசைகள், அவற்றின் வகைகள் எல்லாம் வந்து நின்றன. பவர் பிஐ இணைப்புக்கு ஒரு வாரம் ஆனது. அங்கே மைக்ரோசாஃப்டின் அசூர் பக்கத்தில் ஒரு செயலியைப் பதிவு செய்ய வேண்டும். பவர் பிஐ நிர்வாகி திரையில், நிர்வாக ஏபிஐ (வேறு மென்பொருள்கள் விவரம் கேட்டு வாங்கும் வாசல்) விரிவான மெட்டாடேட்டாவைத் தரலாம் என்ற அமைப்பையும் இயக்க வேண்டும். நிர்வாகி அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மென்பொருளை இறக்கினால் நேரம் மிச்சம்.

இனி இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன் பெயர் குளோசரி, சொற்களஞ்சியம். ஒரு சொல்லைச் சேர்க்கலாம், அதற்கு வரையறை எழுதலாம், வேறு பெயர்களைச் சேர்க்கலாம், தொடர்புள்ள சொற்களைக் காட்டலாம், சரிபார்ப்பவர்களை நியமிக்கலாம். அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை சொல் வரைவு நிலையில் இருக்கும். ஒப்புக்கொண்டதும் அந்தச் சொல்லை நெடுவரிசையோடும் அறிக்கையோடும் ஒட்டிவைக்கலாம். ‘விற்பனை’ என்ற ஒற்றைச் சொல்லை நாங்கள் எடுத்தெறிந்துவிட்டோம். அதன் இடத்தில் மூன்று சொற்கள் வந்தன: ‘நிகர இன்வாய்ஸ் மதிப்பு’, ‘வரியுடன் இன்வாய்ஸ் மதிப்பு’, ‘வாசல் கடந்த மதிப்பு’. மூன்றாவது பெயரை வைத்தவர் டிஸ்பாட்ச் பொறுப்பாளர். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதி, வரி உண்டா இல்லையா, கிரெடிட் நோட் கழிக்கப்பட்டதா, ரத்தான இன்வாய்ஸ் நீக்கப்பட்டதா என்று நான்கு வரி எழுதினோம். அந்த நான்கு வரிக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. இரண்டாவது கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. அது நல்லதுக்குத்தான். அந்தச் சண்டை பத்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது.

வரையறைகளைத் தமிழிலும் எழுதினோம். தமிழ் எழுத்துகளை அது சிக்கலில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அதன் விளக்கமும், கீழே தமிழில் அதே விளக்கமும், வேறு பெயர்கள் பகுதியில் ஆலையில் வழங்கும் சொற்களும் இருக்கின்றன. ‘சரக்கு திரும்பல்’ என்று தேடினால் கிரெடிட் நோட் பற்றிய பக்கம் வந்து நிற்கிறது. இதை முதலில் பார்த்த கிடங்குப் பெண் ஒருவர், “அக்கா, நாம் பேசுகிற மாதிரியே போட்டிருக்கிறீர்கள்” என்றார். பதினான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் நெஞ்சில் வைத்திருக்கிறேன்.

தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டாம், காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக மொத்தமாக ஏற்றலாம். ஆனால் எக்செலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். எங்களுக்கு ஒரு மதியம் முழுவதும் இதில் போனது.

அடுத்து வழித்தடம், லீனியேஜ். ஒரு எண் எந்த அட்டவணையின் எந்த நெடுவரிசையிலிருந்து கிளம்பி, எந்த இடைநிலை அட்டவணை வழியாக அறிக்கைக்கு வந்தது என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும். போஸ்ட்கிரெஸுக்குள் நாங்கள் எழுதியிருக்கும் எஸ்கியூஎல் வியூக்களை (சேமித்துவைத்த வினவல்களை) அதுவே படித்துக் கோடு போடுகிறது. நெடுவரிசை அளவிலும் காட்டுகிறது. இதன் பயன் ஜூலை மாதத்தில் தெரிந்தது. டீலர் வகைப்பாட்டை மாற்றச் சொன்னார்கள். முன்பெல்லாம் இப்படி ஒன்றை மாற்றிவிட்டு, எந்த அறிக்கை உடைகிறது என்று யாராவது தொலைபேசியில் கூப்பிடும்வரை காத்திருப்போம். இந்த முறை அந்த நெடுவரிசையைத் திறந்து, அதிலிருந்து கிளம்பும் கோடுகளைப் பின்தொடர்ந்து, பாதிக்கப்படும் 17 அறிக்கைகளின் பொறுப்பாளர்களுக்கு முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பினோம். திங்கட்கிழமை காலை ஒரு தொலைபேசியும் வரவில்லை. என் குழுவில் இளையவன், தொலைபேசி வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தான்.

ஆனால் வழித்தடத்திடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யாராவது தன் மேசைக் கணினியில் இருக்கும் எக்செல் கோப்பை, பவர் பிஐக்குள் தரவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவரியில் இழுத்துவந்து, அங்கேயே நாலைந்து படிகளில் பிரித்துச் சேர்த்திருந்தால், அந்த உள்வேலை முழுவதையும் வெளியிலிருந்து ஒரு மென்பொருள் படித்துக் காட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். அத்தகைய இடங்களில் கோட்டைக் கையால் வரைந்து சேர்க்கலாம், அந்த வசதி இருக்கிறது. நாங்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தோம். கணக்கீடுகளை முடிந்தவரை பவர் பிஐயிலிருந்து எடுத்துப் போஸ்ட்கிரெஸ் வியூக்களுக்குக் கொண்டுபோனோம். நான்கு மாத வேலை. மெட்டாடேட்டா மென்பொருள் வந்ததால் அறிக்கைகளின் கட்டுமானமே சீரானது என்பது நான் எதிர்பார்க்காத பலன்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதே பள்ளத்தில் விழக் கூடாது. மூலத் தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்துவரும் அமைப்பில் ‘ஓவர்ரைடு மெட்டாடேட்டா’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இயல்பாக அது அணைந்தே இருக்கும். அந்த நிலையில், நாம் கையால் எழுதிய விளக்கங்களை அது தொடாது, காலியாக இருப்பவற்றை மட்டும் நிரப்பும். அக்டோபரில் அதை நானே இயக்கிவிட்டேன். பழைய நெடுவரிசை வகைகள் புதுப்பிக்கப்படும் என்று நினைத்தேன். போஸ்ட்கிரெஸ் அட்டவணைகளில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவைத்த ஒற்றை வரிக் குறிப்புகள் இருந்தன. இரவு ஓட்டம் முடிந்தபோது அவை எல்லாம் எங்கள் விளக்கங்களின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. குழுவில் இருவர் இரண்டு மாதம் எழுதியது.

இங்கேதான் மென்பொருளின் பலம் தெரிந்தது. ஒவ்வொரு அட்டவணைக்கும் பதிப்பு வரலாறு வைத்திருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சின்ன மாற்றத்துக்கு 0.1 கூடும், பழைய பயன்பாட்டை உடைக்கும் பெரிய மாற்றத்துக்கு முழு எண் கூடும். அதன் ஏபிஐ வழியாகப் பழைய பதிப்புகளை எடுத்து, ஒரு பைத்தான் நிரல் எழுதி, இரண்டு நாளில் அனைத்தையும் திருப்பி வைத்தோம். அந்தப் பொத்தானை இப்போது என் ஒப்புதல் இல்லாமல் யாரும் தொட முடியாது. நானும் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடுவேன்.

பொறுப்பாளர் நெடுவரிசை பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. ஒவ்வொரு அட்டவணைக்கும் அறிக்கைக்கும் ஒரு நபரையோ குழுவையோ பொறுப்பாளராக நியமிக்கலாம். மிக எளிய வசதி. ஆனால் நாங்கள் 212 அறிக்கைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாகப் போய் “இது உங்களுடையதா?” என்று கேட்டபோது, 61 அறிக்கைகளை யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. அவற்றை மூன்று மாதம் கவனித்தோம். யாரும் திறக்கவில்லை. எடுத்துவிட்டோம். கிரெடிட் நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்த மண்டல அறிக்கைக்கு இப்போது இரண்டு பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், ஒருவர் கணக்குப் பிரிவு, ஒருவர் எங்கள் பிரிவு.

டயர் என்ற முக்கியத்துவ அடுக்கும் உண்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை. முதல் அடுக்கு நிறுவனத்தின் உயிர்நாடி. ஆரம்பத்தில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் தங்கள் அறிக்கை முதல் அடுக்கில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஒன்பது அறிக்கைகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று நிர்வாக இயக்குநரே வரம்பு வைத்தார். அந்த ஒன்பதுக்கும் தரச் சோதனைகள் எழுதியிருக்கிறோம். எஸ்கியூஎல் எழுதி அதையே சோதனையாக வைக்கலாம். கிரெடிட் நோட் வகையில் நேர்மறைத் தொகை ஒன்றாவது எங்கள் இறுதி அட்டவணைக்குள் வந்திருக்கிறதா என்று தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு சோதனை ஓடுகிறது. தோற்றால் டீம்ஸில் செய்தி வரும். இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் எட்டு மணிக்குள் சரிசெய்துவிட்டோம்.

புரொஃபைலரைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை காலி, எத்தனை தனித்தனி மதிப்பு, சிறியது எது, பெரியது எது என்று எண்ணிக் காட்டும். பயனுள்ளது. பெரிய அட்டவணைகளில் முழுவதையும் எண்ணவிடாமல் குறிப்பிட்ட சதவீத வரிசைகளை மட்டும் மாதிரியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் மூலத் தரவுத்தளத்துக்குச் சுமை.

பராமரிப்பு எப்படி என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். வாரத்துக்கு அரை நாள் ஒருவருக்கு வேலை இருக்கிறது. ஏர்ஃப்ளோவை அறிந்த ஒருவர் குழுவில் வேண்டும். புதிய பதிப்புகள் அடிக்கடி வருகின்றன. ஏற்றுவதற்கு முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுக்க வேண்டும், ஏற்றிய பிறகு தேடல் அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும், இணைப்பு வேலைகளை மறுபடி அமர்த்த வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு பதிப்பையும் துரத்தாமல், ஆண்டுக்கு இரண்டு முறை, நிதியாண்டு முடிவுக்குப் பக்கத்தில் இல்லாத மாதங்களில் மட்டும் ஏற்றுகிறோம்.

யாருக்கு இதைச் சொல்வேன்? இருபது முப்பது அறிக்கைகளும் ஒரே தரவுத்தளமும் உள்ள சிறிய அலுவலகத்துக்கு வேண்டாம். பவர் பிஐயிலேயே ஒவ்வொரு அளவீட்டுக்கும் விளக்கம் எழுதும் இடம் இருக்கிறது, நம்பகமானது என்று சான்றிட்டு முத்திரை வைக்கும் வசதியும் இருக்கிறது. முதலில் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். நூற்றுக்கு மேல் அறிக்கைகள், இரண்டு மூன்று மூலங்கள், ஒரே சொல்லுக்காக அடித்துக்கொள்ளும் பிரிவுகள் என்றால் தயங்காமல் இறக்குங்கள். இறக்கிய முதல் மாதத்தில் மூவாயிரம் அட்டவணைகளுக்கும் விளக்கம் எழுத உட்காராதீர்கள். நாங்கள் நிர்வாகக் கூட்டத்தில் வாயால் சொல்லப்படும் சொற்களை மட்டும் எழுதினோம். 34 சொற்கள் வந்தன. அவற்றை முடிக்கவே ஐந்து மாதம் ஆனது. மற்ற அட்டவணைகள் இன்னும் விளக்கமில்லாமல்தான் இருக்கின்றன, அதனால் யாருக்கும் நட்டமில்லை.

இந்த ஆண்டு ஏப்ரல் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் மார்ச் விற்பனையைக் கேட்கவில்லை. “மார்ச் நிகர இன்வாய்ஸ் மதிப்பு எவ்வளவு?” என்று கேட்டார். கணக்குப் பிரிவு ஒரு எண்ணைச் சொன்னது. விற்பனைப் பிரிவும் டிஸ்பாட்சும் தங்கள் தாளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். என் கண்கள் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

34 சொற்களில் ஒன்று மட்டும் இன்னும் வரைவு நிலையில் இருக்கிறது: ‘வாடிக்கையாளர்’. எங்களிடம் பணம் கட்டும் டீலர்தான் வாடிக்கையாளர் என்கிறது விற்பனைப் பிரிவு. யாருடைய கிணற்றில் பம்பு இறங்கியிருக்கிறதோ அந்த விவசாயிதான் என்கிறது வாரண்டி பார்க்கும் சர்வீஸ் பிரிவு. அந்தச் சொல்லின் பக்கத்தில் இதுவரை 22 கருத்துகள் பதிவாகியிருக்கின்றன. வரும் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு இரண்டு தரப்பையும் ஒரே அறைக்கு அழைத்திருக்கிறேன்.